பட்டாணி எலும்பு

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரே எடுப்பது என் வேலை.
மூச்சைப் பிடி, விடு என்று
ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறவள்
இன்று யாரும் சொல்லாமலே பிடித்துக்கொண்டு நிற்கிறேன்,
பாளையங்கோட்டையில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே.
ஒரு கையில் ஷெபாவின் செருப்பு,
மறு கையில் கையெழுத்துப் போடாத தாள்.

அடுத்த நிலைப் பயிற்சிக்கு
என் மகளை அனுமதிக்கிறேன் என்கிறது தாள்.
அடுத்த நிலை என்றால்
ஓடி வந்து கை ஊன்றிப் பின்னால் வளைந்து
பிறகு கையே ஊன்றாமல்
காற்றில் ஒரு முழுச் சுற்று.
வயது என்ற இடத்தில் ஏழு என்று எழுதிவிட்டேன்.
அதற்குக் கீழே இறங்கவில்லை பேனா.

மணிக்கட்டில் எட்டு எலும்பு.
பிறக்கும்போது ஒன்றுகூடப் படத்தில் தெரியாது.
தாமிரபரணி வற்ற வற்றத்
தலைகாட்டும் கூழாங்கற்கள் மாதிரி
ஒவ்வொன்றாக வரும்.
கடைசிக் கல் பட்டாணி அளவு.
எட்டு வயதிலும் வரலாம், பன்னிரண்டிலும் வரலாம்.
போன வருஷம் பள்ளிக்கூடப் படியில் விழுந்தபோது
நானே எடுத்தேன் அவள் படத்தை.
முறிவு இல்லை. ஏழு கல்.
எட்டாவது இடத்தில் இருட்டு.

முன்கை எலும்பின் நுனியில் ஒரு கறுப்புக் கோடு உண்டு,
எல்லாப் பிள்ளைக்கும்.
அதைப் பார்த்துப் பதறாத அப்பன் இல்லை.
"ஒடிஞ்சிருக்கோ?"
"இல்ல அண்ணாச்சி, வளருத இடம். கதவு திறந்திருக்கு."
எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.
அந்தத் திறந்த கதவின்மேல்தான்
இருபது கிலோ
தலைகீழாக நிற்கப் போகிறது.

எத்தன வயசுல சார் பண்ணலாம் என்று கேட்டேன்.
நயினார் சார் வயதைச் சொல்லவில்லை.
சுவரோரம் கைகளில் நிற்கச் சொல்லி
முப்பது எண்ணினார்.
பெட்டிமேலிருந்து குதிக்கச் சொல்லிவிட்டுக்
கண்ணை மூடிக்கொண்டு சத்தம் கேட்டார்.
"தேங்கா விழுந்த மாதிரி கேட்டா இன்னும் நாளாவும்.
பூன மாதிரின்னா பாக்கலாம்."
ஷெபா இரண்டுக்கும் நடுவே.
தேங்காயைக் கவ்விய பூனை.

குறுக்குத்துறையில் பையன்கள்
கல்மண்டபத்து மேலிருந்து பல்டி அடிக்கிறார்கள்,
யாரிடமும் தாள் நீட்டாமல்.
ஆறு வாங்கிக்கொள்ளும்.
தண்ணீர் குறைந்த மாதத்தில் வாங்கிக்கொள்ளாது,
அந்தப் படங்களும்
என் மேசைக்குத்தான் வரும்.

முதலில் கௌஷிக். ஆறு வயசு.
சுழன்றான், அரங்கம் கைதட்டியது.
இறங்கும்போது ஒரு கை மடங்கியது.
எழுந்து முதலில்
அம்மாவின் போனைப் பார்த்தான்,
பிறகுதான் அழுதான்.
"இன்னொரு தடவ எடுக்கேன், கண்ணத் தொட" என்றாள் அவள்.
நான் அவன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கெட்ட பழக்கம்.

அடுத்து ஷெபா.
ஓடினாள்.
நயினார் சாரின் இரண்டு கைகளும்
அவள் முதுகு வரப்போகும் இடத்தில்
ஏற்கெனவே காத்திருந்தன.
கடைசி எட்டில்
நின்றுவிட்டாள்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
திரும்பி என்னிடம் நடந்து வந்தாள்,
காலில் சுண்ணாம்புப் பொடியோடு.
"பயமா இருக்காட்டி?"
"பயம்லாம் இல்ல.
முதுகு இன்னும் யோசிக்கிம்மா."

போய், வரிசையின் கடைசியில் நின்று,
அவளுக்குத் தெரிந்த சாதாரணக் குட்டிக்கரணம்
மூன்று போட்டாள், கோணாமல்.
சார் கண்ணை மூடியிருந்தாரா
பார்க்க மறந்துவிட்டேன்.
தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.
கிழிக்கவில்லை.

முருகன்குறிச்சி தாண்டும்போது பஸ்ஸில்
என்மேல் சாய்ந்துகொண்டாள்.
சுண்டுவிரல் பக்கம், உள்ளங்கை முடிகிற இடத்தில்
கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறேன்.
விரலுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும்.

"எம்மா, என்னத்தத் தேடுத?"

"ஒண்ணுமில்ல.
வந்துட்டா சொல்லு."